எத்தனை நொடியில் அணைகிறது? ஆன் செய்ததும் ஆஃப் ஆகிவிடும் கம்ப்யூட்டரைப் பற்றி

இளம்பிள்ளையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேள்வி சுருக்கமாக இதுதான். சேலை டிசைன் போடும் கம்ப்யூட்டர், ஆறு வருடப் பழசு, இன்டெல் ஐ5. வீட்டை ஒட்டிய தறிப்பட்டறையில் ஒரு மூலையில் தரையில் வைத்திருக்கிறார். போன மாதம் வரை ஒழுங்காக ஓடியது. இப்போது ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் படம் வருகிறது, விண்டோஸ் கூடத் திறக்கிறது. இரண்டு மூன்று நிமிடத்தில் பொட்டென்று அணைந்துவிடுகிறது. உடனே திரும்ப ஆன் செய்தால் விண்டோஸ் வருவதற்குள்ளேயே போய்விடுகிறது. அரை மணி நேரம் விட்டுப் போட்டால் பழையபடி இரண்டு மூன்று நிமிடம். வந்து பார்த்தவர், "மதர்போர்டு போயிடுச்சு, புது செட்டா போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தீபாவளி ஆர்டர் கையில் இருக்கிறது, என்ன செய்யலாம் அண்ணா என்கிறார்.

தம்பி, புது செட்டுக்கு இப்போதே பணம் எடுக்க வேண்டாம். உங்கள் கேள்விக்குள்ளேயே பாதி பதில் இருக்கிறது. உடனே போட்டால் சீக்கிரம் அணைகிறது, ஆறவிட்டுப் போட்டால் கொஞ்ச நேரம் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். போன மதர்போர்டுக்கு ஆறின நேரம், சூடான நேரம் என்று இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு வைத்துக்கொள்ளத் தெரியாது. அது சூட்டின் வேலை. ஆனால் சூடு என்று சொல்லிவிட்டு நான் நழுவிவிட்டால், எங்கே சூடு, ஏன் சூடு என்று நீங்கள் திண்டாடுவீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இதே தொல்லை வேறு விதத்தில் இருப்பவர்களுக்கும் உதவும்.

சேலத்தில் இந்தத் தொழிலில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். தானாக அணையும் கம்ப்யூட்டர் மேஜைக்கு வந்தால் நான் முதலில் ஸ்க்ரூடிரைவரை எடுப்பதில்லை, போனில் ஸ்டாப்வாட்சை எடுப்பேன். பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து அணையும் வரை எத்தனை நொடி? மூன்று தடவை பார்த்து ஒரு தாளில் எழுதுவேன். பல நாள் அந்தத் தாளே நோயைச் சொல்லிவிடும்.

ஒரு நொடிகூட நிற்காமல், ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிட்டால் அது சூடு அல்ல. சூடாவதற்கே நேரம் வேண்டுமே. எங்கோ ஷார்ட் ஆகிறது, எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி) தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துகொள்கிறது என்று பொருள். இதில் நான் அதிகம் பார்த்தது முன்பக்க யுஎஸ்பி ஓட்டை. பென் டிரைவைக் கோணலாகச் செருகிச் செருகி, உள்ளே இருக்கும் தகடுகள் வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரியும். கேபினட்டைத் திறந்து, அந்த முன்பக்க யுஎஸ்பி ஒயரை மதர்போர்டிலிருந்து கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். அடுத்தது, போர்டுக்கு அடியில் உருண்டு போய் உட்கார்ந்திருக்கும் ஸ்க்ரூ. போன வாரம் யாராவது கேபினட்டைத் திறந்து ஏதாவது மாட்டினார்களா என்று கேட்டால் பெரும்பாலும் ஆமாம் என்றுதான் பதில் வரும். மூன்றாவது பல்லி. சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கதகதப்பாக இருக்கிறதென்று நுழைந்து கருகிப்போன பல்லிகளை நான் பார்த்திருக்கிறேன்.

சரியாக நான்கு ஐந்து நொடியில், ஒவ்வொரு தடவையும் அதே கணக்கில் அணைந்தால், பவர் பட்டனைச் சந்தேகப்படுங்கள். பட்டனை நான்கு நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் கம்ப்யூட்டர் கட்டாயமாக அணைய வேண்டும் என்பது போர்டிலேயே இருக்கும் ஏற்பாடு. உறைந்துபோனால் நாமே அப்படித்தான் அணைக்கிறோம். பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டால் போர்டுக்கு அது தெரியாது. யாரோ விடாமல் அழுத்துகிறார்கள் என்று நினைத்து அணைந்துவிடும். செவ்வாப்பேட்டையில் ஒரு கொலுசுக் கடையில் ஆயுத பூஜை முடிந்த மறுநாள் கம்ப்யூட்டர் போயே போச்சு என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் பவர் பட்டன் மேல் பதமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். சந்தனம் இடுக்கில் இறங்கிக் காய்ந்து, பட்டனை உள்ளேயே பிடித்துக்கொண்டது. ஈரத்துணியும் ஊசியும் போதுமாக இருந்தது. அதற்கு முன் அவர்கள் புது எஸ்எம்பிஎஸ் ஒன்று வாங்கி மாட்டியாகிவிட்டது! இதைச் சோதிப்பதும் சுலபம். போர்டின் ஓரத்தில் பவர் ஸ்விட்ச் என்று எழுதிய இரட்டை ஒயர் வந்து செருகியிருக்கும். அதைப் பிடுங்கிவிட்டு, அந்த இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டு எடுங்கள். ஆன் ஆகி நின்று ஓடினால் பட்டன்தான் குற்றவாளி. தற்சமயத்துக்கு ரீசெட் பட்டனின் ஒயரை அங்கே செருகிக்கொண்டு வேலையைப் பார்க்கலாம்.

பத்து நொடியிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் என்றால், சூட்டை இழுத்து வெளியேற்ற ப்ராசசர் மேல் உட்காரும் ஹீட்சிங்க் ப்ராசசரை ஒழுங்காகத் தொடவில்லை. நிமிடக் கணக்கு என்றால் அழுக்கு, அந்த இரண்டுக்கும் நடுவில் தடவியிருக்கும் பேஸ்ட் காய்ந்தது, அல்லது சூடானதும் தளரும் எஸ்எம்பிஎஸ். கணக்கே இல்லாமல் ஒரு நாள் பத்து நிமிடம், ஒரு நாள் மூன்று மணி நேரம், மாலையில் மட்டும் என்று போனால், கேபினட்டை விட்டுவிட்டுச் சுவரைப் பாருங்கள். கரண்ட், பிளக், யுபிஎஸ்.

சுவரைப் பார்க்காமல் ஒரு வாரத்தை வீணடித்த கதை ஒன்று சொல்கிறேன், இதில் முட்டாள் நான்தான். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்துக் கம்ப்யூட்டர். அங்கே ஆன் செய்தால் சில நிமிடத்தில் அணைகிறது என்று இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி எடுத்து வந்தார்கள். என் மேஜையில் நாள் முழுக்க ஓடியது. ராம் என்கிற மெமரிப் பட்டையைக் கழற்றித் துடைத்து, பேஸ்ட் மாற்றிக் கொடுத்தேன். மேலே போனதும் அணைந்தது. மறுபடி இறங்கியது. மறுபடி என்னிடம் சமத்தாக ஓடியது. எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றிக் கொடுத்தேன். மூன்றாம் தடவை அந்த மேனேஜர், "சார், இது சேலத்துக்கு வரணும்னே நடிக்குது" என்றபோதுதான் எனக்கு உறைத்தது. மலையேறி இறங்கியது கம்ப்யூட்டர் மட்டும்தான், யுபிஎஸ் அங்கேயே இருந்தது. நானே வண்டியை எடுத்துக்கொண்டு மேலே போனேன். யுபிஎஸ் பேட்டரி உப்பிப்போயிருந்தது. சாயங்காலம் அந்த லைனில் வோல்டேஜ் இறங்கும். யுபிஎஸ் பேட்டரிக்கு மாறப் பார்க்கும். பேட்டரியில் சத்து இல்லை, உடனே இருட்டு. பேட்டரியை மாற்றினேன், அவ்வளவுதான். முதல் இரண்டு தடவைக்கு வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தேன், ஒரு கிலோ காப்பிப் பொடியோடு வந்தேன்.

அதிலிருந்து யார் கேட்டாலும் முதலில் சொல்வது இதுதான்: யுபிஎஸ்ஸைத் தவிர்த்து, எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் தவிர்த்து, கம்ப்யூட்டரை நேராகச் சுவர் பிளக்கில் செருகிப் பாருங்கள். வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ்ஸுக்குள் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று இருக்கும். இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் அதை நம்ப முடியாது. யுபிஎஸ்ஸில் ஒரு மேஜை விளக்கை மட்டும் செருகி, யுபிஎஸ்ஸுக்குக் கரண்ட் வரும் சுவர் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். விளக்கு உடனே அணைந்தால் பேட்டரி முடிந்தது. லேசர் பிரிண்டரை அதே யுபிஎஸ்ஸில் செருகியிருந்தால் அதையும் கழற்றுங்கள். தாளைச் சுட வைக்கும் உருளை சூடேறும்போது அது இழுக்கிற கரண்ட்டை இந்தச் சின்ன யுபிஎஸ் தாங்காது.

பட்டறைக்காரர்களுக்கு இன்னொன்று. தறி மோட்டாரும் கம்ப்யூட்டரும் ஒரே லைனில் இருந்தால், மோட்டார் கிளம்பும் நேரத்தில் வோல்டேஜ் ஒரு கணம் குழியும். நம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட் என்பது கணக்கு. சாதாரண எஸ்எம்பிஎஸ் லேபிளில் பெரும்பாலும் 200 முதல் 240 வரை என்றுதான் எழுதியிருக்கும். தறி ஓடும்போது மட்டும் அணைகிறதா, தறி நின்றிருக்கும் ஞாயிற்றுக்கிழமையும் அணைகிறதா என்று பாருங்கள். செலவில்லாத சோதனை. பழைய எஸ்எம்பிஎஸ் சிலவற்றின் பின்புறம் 115, 230 என்று சிவப்பு ஸ்விட்ச் ஒன்று இருக்கும். அது 230-லேயே இருக்கட்டும். கைதவறி 115-க்குத் தள்ளிவிட்டு ஆன் செய்தால் அணையாது, வெடிக்கும்.

சரி, இப்போது உங்கள் கம்ப்யூட்டருக்கு வருகிறேன். நேராகச் சுவரில் செருகியும் அதே இரண்டு மூன்று நிமிடம்தான் என்றால் இப்படிச் செய்யுங்கள்.

ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். ஆன் செய்ததும் டெலீட் கீயையோ எஃப்2 கீயையோ தட்டிக்கொண்டே இருந்தால், விண்டோஸ் வருவதற்கு முன்பே போர்டின் செட்டிங் பக்கமான பயாஸ் திறக்கும். அதில் ஹார்டுவேர் மானிட்டர், பிசி ஹெல்த் என்று ஏதாவது ஒரு பெயரில் ஒரு பக்கம் இருக்கும். சிபியு டெம்பரேச்சர் (ப்ராசசரின் வெப்பம்), ஃபேன் வேகம், வோல்டேஜ் எல்லாம் அங்கே ஓடிக்கொண்டிருக்கும். எதையும் தொடாமல் வெப்பத்தை மட்டும் பாருங்கள். நல்ல நிலையில் இருக்கும் கம்ப்யூட்டர் 40, 50 பக்கத்தில் போய் நின்றுகொள்ளும். வெயில் காலத்தில் 60 வரைகூடப் போகலாம், பயப்பட வேண்டாம். உங்களுடையது 60, 70, 80 என்று நிற்காமல் ஏறினால், நாம் தேடியது கிடைத்துவிட்டது. 90-ஐத் தொட்டதும் நீங்களே அணைத்துவிடுங்கள். அதே பக்கத்தில் சிபியு ஃபேன் வேகம் பூஜ்யம் என்று காட்டினால் ஃபேன் நின்றிருக்கிறது அல்லது அதன் ஒயர் கழன்றிருக்கிறது.

ஏன் அணைகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். பெரும்பாலான இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசசர்களுக்கு 100 டிகிரிதான் எல்லை. அதை நெருங்கும்போது ப்ராசசர் முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அணைவதற்கு முன் கம்ப்யூட்டர் ஆமை மாதிரி ஊர்ந்ததா என்று யோசித்துப் பாருங்கள். வேகத்தைக் குறைத்தும் சூடு ஏறிக்கொண்டே போனால், கரண்ட்டை வெட்டு என்று போர்டுக்குத் தகவல் கொடுத்துவிடும். விண்டோஸைக் கேட்பதில்லை, சேவ் செய்யவா என்று கேட்பதில்லை. பொட்டென்று அணைவது அதனால்தான். அது பழுது அல்ல, காவல்காரன். அந்தக் காவல்காரன் இல்லையென்றால் உங்கள் ப்ராசசர் இந்நேரம் கருகியிருக்கும்.

அறையின் சூட்டையும் கணக்கில் சேருங்கள். ஹீட்சிங்க் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ப்ராசசரை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அறைக்கு மேலே இத்தனை டிகிரி என்றுதான் அது நிற்கும். ஒரு கம்ப்யூட்டர் ஏற்காட்டில் 25 டிகிரி அறையில் 55 காட்டினால், அதையே சித்திரை வெயிலில் சேலத்துக்குக் கொண்டுவந்து தகரக் கூரைக்குக் கீழே 40 டிகிரியில் வைத்தால் 70 காட்டும். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு, அதனால் ஃபேன் தள்ளும் காற்றும் அந்த அளவுக்கு மெலிவுதான். இருந்தாலும் குளிர் அதை ஈடுகட்டிவிடுகிறது. மலையில் கம்ப்யூட்டரைக் கெடுப்பது சூடு இல்லை, மழைக்கால ஈரம்தான். ராமின் தங்க நிறப் பட்டைகள் மங்கிப்போகும், போர்டில் பாசி போலப் பச்சை பிடிக்கும்.

நம் ஊரில் தூசி ஒவ்வொரு பக்கம் ஒவ்வொரு தினுசு. மாமாங்கம் பக்கம் வெள்ளைக்கல் தூசி, மாவு மாதிரி மெல்லியது, ஊதினால் போய்விடும். சேகோ ஆலையில் கிழங்கு மாவு, ஈரம் பட்டால் பசையாகிவிடும். எல்லாவற்றிலும் மோசம் உங்கள் தறிப் பஞ்சு. அது தூசி மாதிரிப் பறக்காது, பின்னிக்கொள்ளும். ஃபேனுக்கும் ஹீட்சிங்க்கின் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் ஒரு கம்பளித் துண்டு மாதிரி படிந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் ஃபேன் ஜோராகச் சுற்றும், சுத்தமாகக்கூட இருக்கும். ஆனால் காற்று தகடுகளுக்குள் போகவே போகாது. உங்களிடம் வந்தவர் கேபினட்டைத் திறந்து, ஃபேன் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, "ஃபேன் ஓடுது, அப்போ போர்டுதான்" என்ற முடிவுக்கு வந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிடுங்க வேண்டும். பிறகு பவர் பட்டனை ஐந்து நொடி அழுத்தி, மிச்சம் இருக்கும் கரண்ட்டை இறக்கிவிடுங்கள். கேபினட்டை வாசலுக்கோ திண்ணைக்கோ கொண்டுபோய், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பக்கக் கதவைத் திறங்கள். கேபினட்டின் வெறும் இரும்பை ஒரு முறை தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும். பாலியஸ்டர் நூல் புழங்கும் இடத்தில் இதை அலட்சியம் செய்யக் கூடாது. ப்ளோயர் வைத்து ஊதலாம், ஆனால் ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டால் அது விமானம் மாதிரி சுற்றி பேரிங் கெட்டுவிடும். வீட்டு வாக்வம் கிளீனரின் முனையை போர்டு மேல் வைக்க வேண்டாம், அதுவே நிலைமின்சாரத்தைக் கிளப்பும்.

உங்கள் பஞ்சுக்கு ஊதினால் மட்டும் போதாது. ஹீட்சிங்க்கைக் கழற்றியே ஆக வேண்டும். இன்டெல்லோடு வரும் ஹீட்சிங்க் நான்கு பிளாஸ்டிக் கால்களில் நிற்கும். ஒவ்வொரு கால் தலையிலும் ஒரு அம்பு போட்டிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் அம்பு காட்டும் பக்கம் கால் சுற்றுத் திருப்பி மேலே இழுத்தால் கழன்று வரும். ஃபேன் ஒயரை போர்டிலிருந்து எடுத்துவிட்டு, ஹீட்சிங்க்கை லேசாக இடவலமாக அசைத்து எடுங்கள், பலமாகப் பிடுங்காதீர்கள். வேறு யாராவது ஏஎம்டி ப்ராசசர் வைத்துக்கொண்டு இதைப் படித்தால், அவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஏஎம்டியின் பழைய வகைகளில் காய்ந்த பேஸ்ட் ஒட்டிக்கொண்டு, ப்ராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், ஊசிகள் வளையும். கழற்றுவதற்கு முன் சில நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்துப் பிளக்கைப் பிடுங்கியபின் முறுக்கி எடுத்தால் பேஸ்ட் இளகிக் கொடுக்கும்.

கழற்றிய ஹீட்சிங்க்கிலிருந்து பஞ்சை விரலாலேயே உரித்து எடுக்கலாம். மிச்சத்துக்குப் பெயிண்ட் பிரஷ். அடிப்பகுதியில் சுண்ணாம்பு மாதிரி காய்ந்திருக்கும் பழைய பேஸ்ட்டை, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஹீட்சிங்க்கிலிருந்தும் ப்ராசசரின் முதுகிலிருந்தும் பளபளவென்று துடைத்துவிடுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம், அது பிளாஸ்டிக்கைத் தின்னும். புதுப் பேஸ்ட்டை ப்ராசசரின் நடுவில் ஒரு துவரம்பருப்பு அளவு வையுங்கள், போதும். தோசைக்கு எண்ணெய் விடுகிற மாதிரி ஊற்ற வேண்டாம். இரண்டு உலோகங்களுக்கு நடுவில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களை நிரப்புவதுதான் அதன் வேலை. தடிமனாக இருந்தால் சூட்டைக் கடத்துவதற்குப் பதில் தடுக்கும். பேஸ்ட்தானே என்று டூத் பேஸ்ட்டைத் தடவிக்கொண்டு வந்த ஒரு கல்லூரிப் பையனை எனக்குத் தெரியும். முதல் நாள் ஓடியதாம், மறுநாள் காய்ந்துவிட்டது. கம்ப்யூட்டர் கேபினட்டைத் திறந்ததும் புதினா வாசம்.

திரும்ப மாட்டும்போதுதான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். நான்கு கால்களின் தலையையும் அம்புக்கு எதிர்ப்பக்கம் திருப்பிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, ஹீட்சிங்க்கை நேராக உட்கார வையுங்கள். எதிரெதிர் மூலைகளாக இரண்டு இரண்டாக அழுத்த வேண்டும். ஒவ்வொன்றும் டிக்கென்று சத்தம் கொடுக்கும். நான்கு டிக் கேட்காமல் விடாதீர்கள். போர்டு லேசாக வளைகிற மாதிரி தெரியும், அது சகஜம்தான். முடிந்தால் போர்டின் பின்பக்கம் பாருங்கள், நான்கு கால்களும் முழுதாக வெளியே வந்து விரிந்திருக்க வேண்டும். ஒரே ஒரு கால் பாதியில் நின்றால்கூட ஹீட்சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், ஒரு நிமிடத்தில் சூடேறி அணைந்துவிடும். டூவீலரில் முன்னால் வைத்துக் குண்டும் குழியுமாக எடுத்துப் போன கம்ப்யூட்டர் திடீரென்று அணைய ஆரம்பித்தால் இதையே முதலில் பார்ப்பேன். கால் உடைந்திருந்தால் அந்தக் கால் மட்டும் தனியாகக் கிடைக்கும், முழு ஹீட்சிங்க் வாங்கத் தேவையில்லை. ஃபேன் ஒயரை சிபியு ஃபேன் என்று எழுதிய இடத்திலேயே செருகுங்கள். அப்புறம் மறுபடி பயாஸ், மறுபடி வெப்பம். 40, 50-ல் நின்றால் டிசைனைத் திறந்து வேலையைப் பாருங்கள்.

இதையெல்லாம் செய்தபின் வெப்பம் ஒழுங்காக நின்றும் கம்ப்யூட்டர் அணைந்தால், அடுத்த சந்தேகம் எஸ்எம்பிஎஸ். அதே பயாஸ் பக்கத்தில் 12 வோல்ட் என்று இருக்கும் வரியைப் பாருங்கள். 11.4-லிருந்து 12.6 வரை இருக்கலாம். 5 வோல்ட் என்றால் 4.75-லிருந்து 5.25. பயாஸ் காட்டும் எண் கொஞ்சம் முன்பின் இருக்கும். மல்டிமீட்டர் இருந்தால், கம்ப்யூட்டர் ஓடும்போது உபயோகமில்லாமல் தொங்கும் நான்கு ஊசிக் கனெக்டரில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள், அது நிஜம். ஆன் செய்யும்போது 12.1 இருந்து, நிமிடம் ஆக ஆக 11.3, 11.1 என்று இறங்கினால் எஸ்எம்பிஎஸ் களைத்துவிட்டது. பெரிய கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டு, பச்சை ஒயரையும் பக்கத்துக் கறுப்பு ஒயரையும் ஒரு கம்பியால் இணைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. எனக்கு அதில் பெரிய மதிப்பு இல்லை. சும்மா சுற்றுவதற்கு எந்த நோஞ்சான் எஸ்எம்பிஎஸ்ஸும் சுற்றும், பாரம் ஏற்றும்போதுதான் சாயும். சுற்றவே இல்லையென்றால் செத்துவிட்டது, அந்த ஒரு தகவலுக்கு அது போதும். நண்பரிடமிருந்து நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை ஒரு மணி நேரம் இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பது இதையெல்லாம்விட மேல். மாட்டும்போது பெரிய 24 ஊசிக் கனெக்டரோடு, ப்ராசசர் பக்கத்தில் இருக்கும் நான்கு அல்லது எட்டு ஊசிக் கனெக்டரையும் மறக்காதீர்கள்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கியபின்னும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். எனக்கும் ஒரு தடவை அது கை கொடுத்தது, மறக்க முடியாது. புதிதாக வாங்க நேர்ந்தால், பெட்டியில் கொட்டை எழுத்தில் 450 வாட் என்று போட்டிருப்பதை நம்பாமல் லேபிளில் 12 வோல்ட் வரியில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பன்னிரண்டால் பெருக்கினால் உண்மையான கணக்கு வரும். 14 ஆம்பியர் என்றால் 168 வாட்தான். ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் அந்த வரியிலிருந்துதான் சாப்பிடுகின்றன. இன்னொரு கிராமத்துச் சோதனை, கையில் தூக்கிப் பார்ப்பது. காலி டப்பா மாதிரி இருந்தால் வைத்துவிடுங்கள்.

அதுவும் இல்லையென்றால், எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ப்ராசசர், ஒரே ஒரு ராம், மானிட்டர், கீபோர்டு மட்டும் வைத்து பயாஸில் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். நின்று ஓடினால் ஒவ்வொன்றாகச் சேருங்கள், எதைச் சேர்த்ததும் அணைகிறதோ அதுதான். ராமின் பட்டைகளைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துத் துகளை ஊதிவிட்டுச் செருகுவது நம் ஊர் வைத்தியம், பலிக்கத்தான் செய்கிறது. போர்டில் ப்ராசசரைச் சுற்றி நிற்கும் சின்ன உருளைகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும், பூரி மாதிரி உப்பியிருந்தால் அல்லது பழுப்பாகக் கசிந்திருந்தால் அப்போதுதான் போர்டு பழுது என்ற பேச்சுக்கே இடம். 2000-களின் முதல் பாதியில் வந்த போர்டுகளில் இது கொள்ளை நோயாக இருந்தது. இப்போதைய போர்டுகளில் குறைவு.

விண்டோஸ் மேல் பழி போடுவதற்கு முன் ஒன்று பாருங்கள். பயாஸில் ஒரு மணி நேரம் நின்று ஓடுகிறது, விண்டோஸில் மட்டும் போகிறது என்றால் மட்டுமே அந்தப் பக்கம் போக வேண்டும். அணைவதும் வேறு, தானாக ரீஸ்டார்ட் ஆவதும் வேறு. நீலத் திரை மின்னி ரீஸ்டார்ட் ஆனால் டிரைவர் அல்லது ராம். நடந்ததையெல்லாம் விண்டோஸ் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் 41 என்ற எண்ணைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். போன தடவை ஒழுங்காக அணைக்கப்படவில்லை என்பதைத் தவிர அதில் பெரும்பாலும் ஒன்றும் இல்லை, நமக்கே தெரிந்த சேதி. 1074 என்று இருந்தால்தான் ஏதோ ஒரு புரோகிராமோ ஆளோ அணைக்கச் சொல்லியிருக்கிறது.

வேலை முடிந்ததும் கேபினட்டைத் தரையிலிருந்து எடுத்து இரண்டடி உயரத்தில் வையுங்கள், பஞ்சு தரையில்தான் உருளும். சுவரோடு ஒட்டாமல் பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள். தூசி படக் கூடாதென்று நல்ல சேலைத் துணியில் உறை தைத்து, கம்ப்யூட்டர் ஓடும்போதும் போர்த்தி வைக்கும் வழக்கம் தறிக்கார வீடுகளில் பார்த்திருக்கிறேன். அணைத்தபின் போர்த்துங்கள், ஓடும்போது வேண்டாம். உங்கள் பட்டறைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஊதி, வருடத்துக்கு ஒரு தடவை பேஸ்ட் மாற்றினால் சரியாக இருக்கும்.

இன்று ராத்திரி தறி நின்றபின் நேராகச் சுவரில் செருகி, பயாஸைத் திறந்து பாருங்கள். அணைய எத்தனை நொடி, அணையும்போது எத்தனை டிகிரி, 12 வோல்ட் வரியில் எவ்வளவு, இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். வெப்பம் 50-ல் நின்றுகொண்டிருக்கும்போதே அணைந்தால் ஹீட்சிங்க்கைக் கழற்ற வேண்டாம், முதலில் எனக்குச் சொல்லுங்கள்.